செதுக்கிக்கு ஒரு தனி அறை

மார்ச் 4

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. நான் உனக்கு எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ கப்பலேறிய நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பேரை எடுத்தால் அவருக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது.

அவர் காலில் புண். செயற்கைக் காலின் சாக்கெட்டுக்குள் போய் உட்காருமே, அந்த முனையில். நீ போன பிறகு ஆள் இளைத்துவிட்டார், மீதிக் காலும் இளைத்துவிட்டது. நீ செய்து கொடுத்த சாக்கெட் தொளதொளவென்று ஆடுகிறது. அதற்குள் துணியைச் சுற்றிச் சுற்றித் திணித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மாதத்துக்குள் புது சாக்கெட் வேண்டும், அதுவரை பழையதைத் தொடவே கூடாது என்றார். புண் எலும்பைப் பிடித்துவிட்டால் முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டி வரும் என்றும் சொன்னார்.

வேறு பட்டறையில் செய்துகொள்ளலாமே என்பாய். "நாலு பேருக்குக் கால் செய்யறவன் இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்கறதா" என்றார். அது வீம்பு, விடு. ஆனால் டாக்டரும் வேண்டாம் என்கிறார். விபத்தில் கோணல்மாணலாகத் தைத்த கால். புது ஆள் முதலிலிருந்து தொடங்கினால் நாலு தடவை தப்பாகச் செய்த பிறகுதான் சரியாக வரும், அந்த நாலு தடவையை இந்தப் புண் தாங்காதாம். அந்தக் காலுக்கு நீ வருஷக்கணக்காகப் போட்ட திருத்தமெல்லாம், மிஷினை ஓட்டிக் கால் அச்சு செதுக்க நீ எழுதிய செதுக்கிப் புரோகிராமுக்குள்தான் இருக்கிறது.

அங்கேதான் சிக்கல். ஆஸ்பத்திரி இப்போது காலின் ஸ்கேன் படங்களைப் புது வரவேற்புப் புரோகிராம் வழியாகத்தான் அனுப்புகிறது. பென் டிரைவில் போட்டுத் தரமாட்டார்கள், விதி இருக்கிறதாம். அந்தப் புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டுமென்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே அப்கிரேடு செய்யச் சொன்னார்கள். இன்று காலை நானே ஆரம்பித்தேன். பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்கிறது. பார்த்து எழுதுகிறேன்: வரவேற்புக்குப் படிப்பான் 5 வேண்டும். இங்கே இருப்பது படிப்பான் 99. செதுக்கி அந்த 99-ஐ நம்பி இருக்கிறது. படிப்பான் 99 நீக்கப்படும், செதுக்கி நீக்கப்படும். தொடரலாமா, Y அல்லது N.

நீக்கப்படும் என்றால் என்ன, ஓரமாக எடுத்து வைக்குமா, அடியோடு போய்விடுமா? திரை கண் சிமிட்டிக்கொண்டே நிற்கிறது. சீக்கிரம் எழுது.

அண்ணி

மார்ச் 5

அண்ணிக்கு,

N அழுத்துங்கள். மீதியை அதற்கப்புறம் படியுங்கள்.

அடியோடு போய்விடும். ஓரமாக வைக்காது. N அழுத்திய பின் எதையும் தொடாதீர்கள். கப்பலுக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவைதான் தபால் இறங்கும். எழுத்து மட்டும் வரும், படம் வராது, கோப்பு வராது. அதனால் திரையில் இருப்பதை நேற்றுப் போலவே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.

படிப்பான் என்பது ஸ்கேன் படத்தைப் படித்துச் சொல்கிற ஒரு லைப்ரரி. தனியாக எந்த வேலையும் செய்யாது. மற்றப் புரோகிராம்கள் அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும். செதுக்கிக்குப் பழைய படிப்பான் வேண்டும், ஆஸ்பத்திரியின் வரவேற்புக்குப் புதியது வேண்டும். இருவருக்கும் ஒரே நாற்காலிதான் இருக்கிறது. அப்கிரேடு ஒருத்தரை எழுப்பிவிட்டு இன்னொருத்தரை உட்கார வைக்கப் பார்க்கிறது.

தொடங்குவதற்கு முன் பழையதை நகல் எடுத்தீர்களா? நம் பட்டறைப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வந்தவர் புதுக் காலை மாட்டி வாசல்வரை நடந்துபோகாமல், சாக்கெட் வார்த்த மாவு அச்சை உடைக்க மாட்டோம். நடந்த பிறகும் செதுக்கினவன்தான் உடைக்க வேண்டும் என்று அண்ணன் சுத்தியலை என் கையில்தான் கொடுப்பார். மாவுக் கட்டிக்கு அவ்வளவு மரியாதை செய்கிற வீட்டில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

இந்த அப்கிரேடை நான் இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்யலாம் என்றேன். அப்போது சின்ன வேலை. அதை இப்போது பேசி என்ன. புண் எத்தனை நாளாக இருக்கிறது, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே Y அழுத்திவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள், முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

நேற்றுக் காலை முழுக்க உன் பதிலுக்காகத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் ஊன்றுகோலோடு வந்து பின்னால் நின்றார். என்ன கேட்கிறது என்றார், சரியா இல்லையா என்று கேட்கிறது என்றேன். "சரின்னு போடு. அது கேக்கறதுக்கெல்லாம் யோசிச்சா பட்டறையை எப்பத் தொறக்கறது?" என்றார். உனக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்று சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லத் தைரியம் வரவில்லை. கை தானாகப் போய் அழுத்திவிட்டது.

வரிவரியாக ஓடியது. நடுவில் "செதுக்கி நீக்கப்படுகிறது" என்று ஒரு வரி ஓடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். எதை அழுத்தியும் நிற்கவில்லை. நகல் எடுத்தாயா என்று கேட்கிறாய். எடுக்கவில்லை, எனக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அப்கிரேடு முடிந்துவிட்டது. புதுத் திரை பளபளவென்று இருக்கிறது. வரவேற்பு ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து முதல் ஸ்கேன் வந்து இறங்கியும்விட்டது. யாருடையது என்று நினைக்கிறாய், உன் அண்ணனுடைய கால்தான். திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. புண் இருக்கிற பள்ளம்கூடத் தெரிகிறது. செதுக்க ஆளில்லை. மிஷின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. இன்று அளவு கொடுக்க ஒருவர் வந்தார். உன் அண்ணன் உள்ளே போய்ப் பழைய காலை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஊன்றுகோலோட நின்னா வர்றவனுக்கு நம்ம மேல எப்படி நம்பிக்கை வரும்" என்கிறார். வந்தவர் போன பிறகு கழற்றினால் துணியெல்லாம் ரத்தம். ஒற்றைக் காலில் நிற்கிறவர் என்று அவரை நாம் எத்தனை நாள் கேலி பேசியிருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை, தம்பி.

எவ்வளவு நாளாகப் புண் என்று எனக்கே போன வாரம்தான் தெரியும். உலகத்துக்கெல்லாம் கடலுக்கடியில் கம்பி இழுத்துப் போடுகிறாய், இங்கே நடப்பது உனக்குப் போய்ச் சேர வழியில்லை.

அண்ணி

மார்ச் 7

அண்ணிக்கு,

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. நாளைக்குப் போய்விடும்.

அந்த 99 நான் வைத்த எண். உண்மையில் அது படிப்பான் 3, நான் கொஞ்சம் மாற்றி எழுதியது. கம்ப்யூட்டர் தானாகப் புதியதைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டுவிடக் கூடாது என்று 99 என்று பேர் வைத்தேன். எந்தப் புதியது வந்தாலும் 99-ஐவிடச் சின்னதாகத்தான் இருக்கும், தொடாமல் போய்விடும். விளையாட்டுக்கு வைத்ததில்லை. "இங்க எதுவும் மாறக் கூடாது" என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தியவர் அண்ணன். சரி, மாறாது என்று செய்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

ஆனால் வரவேற்பு கேட்பது 5, எண் ஆறைத் தொடக் கூடாது. 99-ஐப் பார்த்ததும் அப்கிரேடு இது யாரோ வேற்று ஆள் என்று முடிவுகட்டி, அதை நம்பி இருந்த செதுக்கியையும் சேர்த்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

காலையிலிருந்து வழி தேடுகிறேன். செதுக்கியைத் திரும்ப ஏற்ற அந்த மாற்றிய படிப்பான் வேண்டும். பழைய சிஸ்டத்தின் புரோகிராம்களை வைத்திருந்த இணையக் கிடங்கை மூடிவிட்டார்கள். மூடாமல் இருந்தாலும் நான் மாற்றியது அங்கே கிடைக்காது. என் மடிக்கணினியில் ஒரு நகல் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் உப்புக் காற்றில் அது செத்துப்போயிற்று. நினைவிலிருந்து எழுதலாம், ஆனால் அண்ணன் காலின் திருத்தங்களை எப்படி நினைவிலிருந்து எழுதுவது?

அப்கிரேடுக்கு முந்தைய டிஸ்க் வேறு எங்காவது இருக்கிறதா? இருக்காது. பழைய சாமான் என்றால் அண்ணனுக்கு ஆகாது, மறுநாளே எடைக்குப் போட்டுவிடுவார். கப்பல் கரைக்கு வருவது மே மாதம். அதற்கு முன் இறங்க முடியுமா என்று கேப்டனிடம் கேட்டேன். நடுக்கடலில் எங்கே இறங்குவாய் என்று திருப்பிக் கேட்டார்.

அண்ணனைப் பழைய காலை மாட்ட விடாதீர்கள். அதை எடுத்து எங்கேயாவது ஒளித்து வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

பழைய காலை ஒளித்து வைத்தேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

காலையில் தேடினார். என் கால் எங்கே என்றார், தரமாட்டேன் என்றேன். யார் சொல்லி இப்படிச் செய்கிறாய் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் தம்பி சொல்லித்தான் என்று போட்டு உடைத்துவிட்டேன். நாலு நாளாக உனக்கு எழுதுகிறேன் என்றேன். செதுக்கி போய்விட்டது, நான்தான் தொலைத்தேன், பழைய டிஸ்க் இருந்தால்தான் வழி என்று தம்பி எழுதியிருக்கிறான், டிஸ்க் இல்லாவிட்டால் உங்கள் முழங்கால் போய்விடும் என்று அழுதேன்.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அச்சு அலமாரிக்குப் போனார். இன்னும் நடந்து பார்க்காதவர்களின் அச்சுகளைப் பேர் எழுதி மேல் தட்டில் வைப்போமே, அங்கே. எல்லாவற்றுக்கும் பின்னால் கையை விட்டு, காலுறைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். பிரித்தால் டிஸ்க். துணியின்மேல் மற்ற அச்சுகளுக்கு எழுதுவதுபோலவே பேர் எழுதியிருக்கிறது. 'தம்பி' என்று, அவ்வளவுதான்.

நீ போன அடுத்த வாரமே கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து, நான் வெளியே போயிருந்தபோது, முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து வைத்திருக்கிறார். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோவம் தணிஞ்சு ஒரு நாள் வந்தான்னா, அவன் வச்சது வச்ச மாதிரி இருக்கணும்ல" என்றார்.

செதுக்கி போனது அவருக்கு இன்று நான் சொல்லித்தான் தெரியும். மிஷின் ஓடாததைப் பார்த்து, அப்கிரேடு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கிறார். கேட்டிருக்கலாம். கேட்டால் உன் பேச்சு வரும் என்று கேட்கவில்லை. நானும் அதற்குத்தான் பயந்து சொல்லவில்லை. இரண்டு பேரின் வாய்க்கும் நடுவில் அந்தக் கால் புண்ணாகிக்கொண்டிருந்தது.

டிஸ்க் என் மேசைமேல் இருக்கிறது. தொடக்கூடப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் நின்றேன். கேப்டன் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கண்ணில் காற்று பட்டுவிட்டது என்று சொன்னேன்.

வேலையைப் பார்ப்போம். இந்தத் தடவை நகல் எடுத்த பிறகுதான் எல்லாம். டிஸ்க்கை வெளியிலிருந்து கேபிளில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் கேட்டால் "படிக்க மட்டும்" என்று சொல்லுங்கள், அதில் எதுவும் எழுத விடாதீர்கள். முழுவதையும் புது டிஸ்க்கில் "பழையவீடு" என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர், போட்டு அதற்குள் கொட்டுங்கள். கொட்டி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதே துணியில் சுற்றி, அதே தட்டில் வைத்துவிடுங்கள். வயதான டிஸ்க், எத்தனை தடவை எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

செதுக்கியை இனி புது சிஸ்டத்தோடு சேர்த்து ஏற்ற வேண்டாம். சேர்க்கப் பார்த்தால் திரும்பவும் அதே நாற்காலிச் சண்டைதான். ஒரே கூரை, ஆனால் இரண்டு அடுப்பு. செதுக்கி பழையவீட்டுக்குள் தன்னுடைய படிப்பானோடு தனியாக இருக்கட்டும். வெளியே வரவேற்பு தன்னுடைய படிப்பானை வைத்துக்கொள்ளட்டும். ஸ்கேன் படம் இறங்குகிற அடைவு மட்டும் இரண்டு பேருக்கும் பொது. படம் பழைய மாதிரிப் படம்தான், வரும் வழியில் போட்ட பூட்டுதான் புதியது, அதை வரவேற்பு திறந்துவிடும், அதனால் செதுக்கி படித்துவிடும். அப்படித்தான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

கீழே நான்கு கட்டளைகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தட்டிவிட்டு, ஒரு எழுத்தும் மாறவில்லை என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். Y, N என்று எது கேட்டாலும் எனக்கு எழுதாமல் பதில் சொல்லாதீர்கள். யார் பின்னால் நின்றாலும்.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

முதல் தடவை மாட்டியபோது டிஸ்க் டக் டக்கென்று இடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், எழுந்தது. ஒரு பகல் முழுக்கக் கொட்டியது. கழற்றித் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

செதுக்கி திறந்துவிட்டது, தம்பி. அந்தப் பழைய பச்சைத் திரையைப் பார்த்ததும் ஓவனில் பிளாஸ்டிக் சூடாக்குகிறவர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அண்ணனின் காலும் அதில் இருக்கிறது, உன் திருத்தங்கள் எல்லாம் சிவப்புப் புள்ளியாக. புது ஸ்கேனையும் படித்துவிட்டது. ஆனால் செதுக்கு என்றால் மிஷின் இல்லை என்கிறது. மிஷின் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

உன் அண்ணன் இப்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் கடிதங்களைப் படிக்கிறார். "ஏன் இவ்வளவு சுருக்கமா எழுதறான், வார்த்தைக்கு வரியா போடறாங்க?" என்கிறார். யார் பின்னால் நின்றாலும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் மட்டும் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் இன்று புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சீக்கிரம்.

அண்ணி

மார்ச் 12

அண்ணிக்கு,

தனி அறை என்று சொன்னவன் அதற்கு ஜன்னல் வைக்க மறந்துவிட்டேன். உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே இருக்கும் மிஷின் எப்படித் தெரியும்? ஐந்தாவது கட்டளை கீழே. அதைத் தட்டினால் தெரியும்.

இனி கால். பழைய திருத்தங்களை அப்படியே போடக் கூடாது, கால் இளைத்திருக்கிறது. வெளிப்பக்கம் முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்புக்கு முன்பு விட்ட இடைவெளியைவிட இரண்டு மில்லிமீட்டர் கூட்டுங்கள். முனையில், புண் இருக்கும் பக்கம், நான்கு கூட்டுங்கள். பாரத்தை முழங்கால் சிரட்டைக்குக் கீழே இருக்கிற தசைநார் தாங்கட்டும், அங்கே மட்டும் இறுக்குங்கள். படம் பார்க்காமல் எழுதுகிறேன். அந்தக் கால் எனக்கு மனப்பாடம், ஆனால் இரண்டு வருஷத்து மனப்பாடம்.

அதனால் முதலில் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் ஒரு சோதனை சாக்கெட். மாட்டி நிற்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்தே தோல் தெரியும், வெளுத்துப்போகிற இடம் அழுந்துகிற இடம். எங்கே வெளுக்கிறது என்று எழுதுங்கள்.

அண்ணன் பக்கத்தில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்: அண்ணா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் தப்பாச் செதுக்கிடுவேன்.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

படித்துக் காட்டினேன். "வலிக்குதுன்னு எழுது" என்றார். சோதனை சாக்கெட்டுக்கு முன்பே, சும்மா உட்கார்ந்திருந்தபோதே சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மிஷின் ஓடியது. மாவுக் கட்டி சுற்றிச் சுற்றி அவர் கால் வெளியே வந்தது. கண்ணாடி சாக்கெட் மாட்டி நின்றார். புண் பக்கம் வெளுக்கவில்லை. பின்பக்கம் முழங்கால் மடிப்பில் ஒரு விரல் அகலம் வெளுக்கிறது, எலும்பின் மேலே ஒரு பொட்டு. எவ்வளவு கூட்டட்டும்?

அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

பின்பக்கம் விளிம்பை மூன்று மில்லிமீட்டர் தாழ்த்துங்கள், எலும்பின் மேல் இன்னும் ஒன்று கூட்டுங்கள். திருத்தி மறுபடி செதுக்குங்கள். புண் மூடும்வரை மாட்ட வேண்டாம், டாக்டர் சொன்ன பிறகு மாட்டினால் போதும். நான் தபாலுக்குக் காத்திருக்கிறேன். தினமும் இரண்டு தடவை ரேடியோ அறைக்குப் போய் நிற்கிறேன், அங்கிருக்கிறவர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார்.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

உன்னைக் காக்க வைத்தேன். பாதியில் எழுதி உன்னைப் பதறவைக்க வேண்டாம் என்றுதான் எழுதவில்லை.

புண் மூடிவிட்டது. வெட்டுகிற பேச்சே இனி இல்லை என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். இன்று காலை உன் அண்ணன் புதுக் காலை மாட்டினார். பட்டறையிலிருந்து வாசல்வரை நடந்தார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போனார். நான் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உட்காரவில்லை, அதே காலில் திரும்பியும் வந்தார். வந்து கழற்றிப் பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கிறது. எங்கேயாவது வலித்ததா என்று கேட்டேன். பின்பக்கம் கொஞ்சம் உரசுகிறது என்று தம்பிக்கு எழுது என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், எழுத வெட்கமில்லை.

நடந்தாயிற்று என்று ஓவன்காரர் அச்சைக் கீழே இறக்கிச் சுத்தியலையும் எடுத்து வந்தார். வழக்கம் அதுதானே. உன் அண்ணன் சுத்தியலைக் கையில் வாங்கினார், ஆனால் ஓங்கவில்லை. அச்சை எடுத்துத் திரும்பவும் மேல் தட்டிலேயே, அந்தத் துணி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நடந்த பிறகும் ஏன் வைக்கிறீர்கள் என்று ஓவன்காரர் கேட்டார்.

"நானா செதுக்கினேன்? செதுக்கினவன் வந்து உடைக்கட்டும்" என்றார்.

சுத்தியலையும் துடைத்து அங்கேயே வைத்திருக்கிறார். மே மாதம் கப்பல் எந்தத் தேதியில் கரைக்கு வருகிறது என்று எழுது. அவர் கேட்டதாக எழுதக் கூடாதாம். அதனால் நான் கேட்டதாகவே வைத்துக்கொள்.

அண்ணி